நானூற்று ஐந்து சாப்பாடு

டீம் லீடர் வாசுகி ஜீவனின் வேலைக்கு உலை வைக்கிறாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

ஸ்கூடாயில் கடைவீட்டு மாடியில் இயங்கும் சின்ன மென்பொருள் கம்பெனி அது. கேட்டரிங்காரர் ஒருவருக்காகச் சாப்பாடு ஆர்டர் எடுக்கும் செயலியை ஜீவன்தான் எழுதினான், ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில்.

போன வாரம் தம்போயில் ஒரு வீடு குடிபுகும் விழா. நாற்பது இலைச் சாப்பாடு சொல்லியிருந்த வீட்டுக்காரர், கூடுதலாக ஐந்து வேண்டும் என்று போனில் அந்தச் செயலியில் தட்டினார். தட்டிய ஐந்து எண்ணாக வராமல் எழுத்தாக உள்ளே வந்தது. ஜாவாஸ்கிரிப்ட் மகா சாது. ஒரு கேள்வியும் கேட்காமல், நாற்பதையும் ஐந்தையும் கூட்டுவதற்குப் பதில் அருகருகே ஒட்டிவிட்டது. வாசலில் நானூற்று ஐந்து சாப்பாடு வந்து இறங்கியது.

கேட்டரிங்காரர் வந்து, கம்பெனி முதலாளி கமலநாதனைப் பிடித்து உலுக்கிவிட்டார். அன்று முதலாளியின் அறையில் வாசுகி வெகுநேரம் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். தன் சீட்டுக் கிழிந்தது என்றே ஜீவன் நினைத்தான்.

கிழியவில்லை. மறுநாள் வாசுகி வந்து, இனி எல்லாம் டைப்ஸ்கிரிப்டில்தான் என்றாள். ஜாவாஸ்கிரிப்டின் கண்டிப்பான அக்கா அது. எது எண், எது எழுத்து என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாறி நுழைந்தால் எழுதும்போதே அடியில் சிவப்புக் கோடு விழும்.

ஜீவனின் திரை குங்குமம் கொட்டியதுபோல் ஆனது. எரிச்சலில், எது வந்தாலும் சரி என்று பொருள்படும் 'எனி'யைக் கண்ட இடத்திலெல்லாம் போட்டுக் கோடுகளை மறைத்தான். அவள் ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து எடுத்தாள்.

"முன்னாடியும் ஓடிச்சு லா வாசுகி. எதுக்கு இந்த வேலை?"

"ஓடும் ஜீவன். எங்க போய் முட்டும்னுதான் தெரியாது."

தன் தப்புகளைச் சேர்த்துவைத்து வெளியே அனுப்பத்தான் இந்த ஏற்பாடு என்று ஜீவன் முடிவுகட்டினான். அவளுக்கு முன்னால் தானே முந்திக்கொண்டு கமலநாதன் முன் போய் நின்றான்.

"போஸ், ஒரு தப்பு பண்ணிட்டேன், ஒத்துக்கறேன். அதுக்காக வரிக்கு வரி காவல் போட்டா எப்படி வேலை செய்றது? நான் இருக்கணுமா, டைப்ஸ்கிரிப்ட் இருக்கணுமா, நீங்களே சொல்லுங்க."

கமலநாதன் எதிரிலிருந்த நாற்காலியைக் காட்டினார்.

"அன்னிக்கே உன்னை அனுப்பிடறேன்னு சொன்னேன்பா. வாசுகிதான் கேக்கல. 'ஆளை மாத்த வேணாம் போஸ், டைப்ஸ்கிரிப்டுக்கு மாறிடுவோம், அப்புறம் யார் எழுதினாலும் இந்தத் தப்பு வராது'ன்னு பிடிவாதமா நின்னுச்சு. இப்ப சொல்லு, டைப்ஸ்கிரிப்டை எடுத்துடவா?"