முதலில் தேட வேண்டிய இடம்

ஆஸ்திரேலியாவில் டப்போ நகருக்கு மேற்கே ஒரு சிற்றூர்ப் பள்ளி. அதன் நூலகத்தின் தகரக் கூரை வெயிலில் சடசடக்கிறது. சுற்றுவட்டாரப் பள்ளிகளின் நூலகர்கள் பிள்ளைகளின் குட்டை நாற்காலிகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை நூலகத்தில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லிக்கொடுக்க சிட்னியிலிருந்து வந்திருக்கும் டீகன் சின்னப் பெண். பலகைப் பேனாவைத் திறந்தபடி கேட்கிறாள்: "மணிச் சத்தம் தாங்காம ஒரு பிள்ளை வெளியே ஓடிருச்சு. முதல்ல எங்க தேடுவீங்க?" "கேண்டீன்ல. என் பேரன்னா அங்கதான் இருப்பான்" என்கிறாள் நூலகர்களில் ஒருத்தியான டோரீன். சிரிப்பு எழுகிறது. இந்த நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் மார்லீன் மட்டும் சிரிக்கவில்லை. கேக்கிலிருந்து மேசையில் உதிர்ந்த தேங்காய்த்தூளை அவள் விரல் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டிருக்கிறது. ஜன்னல் தடுப்பின் இடுக்குகளில் நுழைந்த வெயில் அவள் கைமேல் கோடுகோடாகக் கிடக்கிறது.

"தண்ணி" என்கிறாள். "பக்கத்துல எங்க தண்ணி இருக்கோ, அங்க."

டீகனின் முகம் மலர்கிறது. "ரொம்பச் சரி. இந்தப் பிள்ளைங்கள்ல நிறையப் பேரைத் தண்ணி இழுக்கும். யாரும் இதச் சொன்னதே இல்ல. உங்களுக்கு எப்படித் தெரியும்?" டோரீன் தலையைக் குனிந்துகொள்கிறாள்.

"போன பிப்ரவரியில இங்கருந்துதான் எங்க ஸ்கூல் பிள்ளை பிரையனி ஓடினா" என்கிறாள் மார்லீன். "நாங்க எல்லாரும் ரோட்டப் பாத்து ஓடினோம். பின்னால பண்ணைக் குட்டை இருக்கே, அது நேரத்துக்கு யாருக்கும் தோணல."

பலகையில் 'தண்ணீர்' என்று எழுதிக்கொண்டிருந்த டீகனின் கை பாதியில் நிற்கிறது.

"எழுதும்மா" என்கிறாள் மார்லீன். "நல்லாப் பெருசா எழுது."