புதுவீட்டில் செவலை

மறுநாள் புதுவீடு புகும் விழா. மாலையில் அடித்த மழைக்காற்று மாட்டுக்கொட்டகையின் தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனபோது, உள்ளே செவலைப்பசு கன்று ஈன முக்கிக்கொண்டிருந்தது. பாவாத்தாள் கயிற்றை அவிழ்த்து, பசுவை நேராகப் புதுவீட்டு வாசலுக்கு ஓட்டிவந்தாள்.

கணவன் செங்கோடன் கதவை மறித்து நின்றான். "நாளைக்குக் கோயில் மாட்டத்தான மொதல்ல உள்ள வுடோணும்? அதுக்குள்ள வூட்டச் சாணியாக்கப் போறயா?"

"மழையில ஈனுச்சுன்னா ரெண்டும் பொழைக்காதுங்க. தள்ளுங்க."

தள்ளி நின்றான். வழவழத்த தரையில் பசுவின் குளம்பு வழுக்கியது. விருந்தாளிகளுக்கென்று வாங்கிய ஜமுக்காளத்தை உதறி விரித்தாள் பாவாத்தாள். பசு அதில் படுத்தது. வெகுநேரமாகியும் கன்றின் ஒரு கால் மட்டுமே வெளியே தெரிந்தது. செங்கோடன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டான். கையை உள்ளே விட்டு, மடங்கியிருந்த மறுகாலைத் தேடிப் பிடித்து நிமிர்த்தினான். அடுத்த முக்கலில் கன்று அவன் மடியிலேயே வந்து விழுந்தது.

அவன் அதன் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, சீர்த்தட்டோடு வந்திறங்கிய அவன் அக்கா வாசலிலேயே திகைத்து நின்றாள். "இதென்ன தம்பி, நடுக்கூடத்துல?"

"வாங்கக்கா, மெதுவா வாங்க" என்றான் அவன், தலை நிமிராமல். "எந்திரிக்கப் பாக்குது."