கஞ்சன் வீட்டுக்குக் கேஸ் குழாய்

"வேணாம்னா வேணாம். எத்தனை தடவை சொல்றது?"

சொல்லிவிட்டு வீட்டுக்காரரான மெக்கானிக் செய்தித்தாளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

குழாய்த் தம்பிக்கு எரிச்சலாக வந்தது. கேஸ் கம்பெனி ஃபிட்டருக்கு அந்தத் தெரு வைத்த பேர் அது. ஊருக்கு வெளியே புதிதாக வரும் டைல்ஸ் ஃபாக்டரிக்குப் பூமிக்கடியில் கேஸ் குழாய் போகிறது. போகிற வழியில் இருக்கும் வீடுகளுக்கும் கனெக்‌ஷன். தெருவே வாயெல்லாம் பல்லாகக் கையெழுத்துப் போட்டுவிட்டது, இந்த ஒரு வீட்டைத் தவிர.

"சார், நாளைக்குப் பள்ளத்தை மூடிட்டு அடுத்த தெருவுக்குப் போயிடுவோம். அப்புறம் நீங்களே கேட்டாலும் கிடைக்காது."

"கேக்க மாட்டேன்."

"இவராவது கேக்கறதாவது!" என்றபடி மெக்கானிக்கின் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். "ஃபாக்டரி ஆளுங்களுக்குத் தினமும் மதியச் சாப்பாடு செஞ்சு தரச் சொல்லி என்னைத் தேடி வந்து கேட்டிருக்காங்க தம்பி. அத்தனை பேருக்கு இந்தக் கரண்ட் அடுப்புல எப்படிப் பொங்கறது? இருந்த சிலிண்டரையும் செலவு ஜாஸ்தின்னு திருப்பிக் கொடுத்துட்டார், கஞ்ச மகாப்பிரபு!"

மெக்கானிக் செய்தித்தாளில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

பெண்டாட்டி நாலு பேர் மெச்ச வாழ்ந்தால் இந்த மனுஷனுக்கு எங்கே வலிக்கிறது? குழாய்த் தம்பி மனசுக்குள் கறுவிக்கொண்டே, கடைசி முயற்சியாகப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தான்.

"சார் பயப்படறாரோ என்னமோக்கா. இந்த கேஸுக்குன்னு தனியா வாசனை கிடையாது. ஆனா கசிஞ்சா தெரியணும்னு, மூக்கைத் துளைக்கிற நாத்தம் ஒண்ணை நாங்களே கலந்துதான் அனுப்புவோம். இதைச் சுரண்டி மோந்து பாருங்க. அதே நாத்தம் வரும்."

அவள் அவசர அவசரமாகச் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனாள்.

"அய்யய்யோ! அழுகின முட்டை தோத்துடும் போங்க!" என்று முகத்தைச் சுளித்தாள்.

மெக்கானிக் சட்டென்று எழுந்து வந்து அட்டையைப் பிடுங்கினார். அவரும் மோந்து பார்த்தார்.

"உவ்வே! குடலைப் புரட்டுது. இந்தக் கருமம் வீட்டுக்குள்ள வேற வரணுமா? கிளம்புப்பா."

அவள் அவர் கையிலிருந்த அட்டையையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

பாவி மனுஷன், அழவைத்துவிட்டானே என்று குழாய்த் தம்பிக்கு வயிறு எரிந்தது. அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தான்.

பையில் போடும்போதுதான் கவனித்தான். அட்டை மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கவே இல்லை. எப்போதும் அவனே உரித்துவிட்டுத்தான் கொடுப்பான். இன்றைக்கு இருந்த கடுப்பில் மறந்திருக்கிறான். அதை உரிக்காமல் நாள் முழுக்கச் சுரண்டினாலும் நாற்றம் வராது.

அப்படியானால் அந்த அழுகின முட்டை?

"நானும் பார்த்தேன் தம்பி."

பின்னால் மெக்கானிக் நின்றுகொண்டிருந்தார். குரலில் பழைய முறுக்கு இல்லை.

"போன வருஷம் வந்த காய்ச்சல்ல அவளுக்கு மூக்கு மரத்துப்போச்சு. எந்த வாசனையும் தெரியாது. யார்கிட்டயும் சொல்லலை, என்கிட்டயும்தான். சமைக்கிறவளுக்கு மூக்கு போச்சுன்னா யார் சாப்பாடு கேட்டு வருவாங்கன்னு பயம்."

"அப்புறம் உங்களுக்கு எப்படி..."

"ஒருநாள் வேலை முடிஞ்சு வர்றேன், சிலிண்டர் கசிஞ்சு வாசல் வரைக்கும் நாறுது. உள்ளே இவ அடுப்புப் பக்கத்துல உக்காந்து, பாட்டுப் பாடிக்கிட்டே காய் நறுக்கிட்டிருக்கா. ஒரு தீக்குச்சி கிழிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?" வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "மறுநாளே திருப்பிக் கொடுத்துட்டேன்."

"நேராவே சொல்லியிருக்கலாமே சார்?"

"அவ மறைக்கிறதை நான் எப்படிப் போட்டு உடைக்கிறது? கஞ்சன்னு திட்டினா திட்டிட்டுப் போறா. உப்பு காரம் பாக்கத்தான் நான் இருக்கேனே. அதுக்குத் தீனிப் பண்டாரம்னு தனியாத் திட்டு விழும்."

குழாய்த் தம்பி விடுவிடுவென்று வீட்டுக்குள் திரும்பினான். மெக்கானிக் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடி வந்தார்.

"அக்கா! ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். ஆர்டர் எடுத்துச் சமைக்கிற வீடுன்னா கட்டாயம் அலாரம் மாட்டணும். கேஸ் கொஞ்சம் கசிஞ்சாலும் தெருவே கூடற மாதிரி கத்தும். கம்பெனி ரூல்."

அப்படி ஒரு ரூல் அவன் கம்பெனியில் கிடையாது. ஃபாக்டரிகளில் மாட்டுகிற அலாரம் அது.

"கத்துமா? நல்லாக் கத்துமா?" மெக்கானிக் இரண்டு தரம் கேட்டார். பிறகு முகத்தை மறுபடி உர்ரென்று வைத்துக்கொண்டார். "எல்லாரும் சேர்ந்து உயிரை வாங்குங்க. எங்கே கையெழுத்து?"

குழாய்த் தம்பி வண்டியை எடுக்கும்போது மெக்கானிக்கின் மனைவி தண்ணீர்ச் செம்போடு வந்தாள். உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அட்டையில பிளாஸ்டிக் உரிக்கலை, இல்ல தம்பி? அவர் கையில இருக்கும்போது பளபளன்னு தெரிஞ்சுது. அதைப் போய் மனுஷன் குடலைப் புரட்டுதுங்கறார்!"

குழாய்த் தம்பி திருதிருவென்று விழித்தான்.

"சிலிண்டர் ஏன் போச்சுன்னு அப்பதான் எனக்கு விளங்குச்சு. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவர்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க. நான் திட்டறதை நிறுத்தினாக்கூடக் கண்டுபிடிச்சுடுவார்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டுப் பக்கம் திரும்பி, தெருவுக்கே கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினாள்.

"வந்த பிள்ளைக்கு ஒரு வாய் காப்பி கொடுன்னு சொல்லத் தோணுச்சா? சரியான கஞ்சன்!"