கட்டுரைக்கு ஒரு கேள்வி

ஐ.பி. என்னும் வெளிநாட்டுப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ படிக்கும் இரண்டு மாணவிகள், சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி வாசலில் நின்றார்கள். வேலை முடிந்து வந்த முனியசாமி, மருந்துப் பொடி அப்பிய கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"எங்க கட்டுரைக்குத்தான் கேக்குறோம் ஐயா. எத்தனை வருஷமா இந்த வேலை?" என்றாள் ரிதன்யா.

"விவரம் தெரிஞ்ச நாள்லருந்து இங்கனதான் தாயி."

"உங்க பிள்ளைங்க என்ன படிக்கிறாங்க?"

ரிதன்யா பக்கத்தில் நின்ற தோழியைப் பார்க்காமலே, "எனக்குப் பிள்ளைக கிடையாது தாயி" என்றார்.

எழுதிக்கொண்டிருந்த ரிதன்யா நிமிர்ந்தாள். "மாரிசெல்வி, இவர்தானே உங்கப்பா? ஸ்காலர்ஷிப்ல சேர்ந்த அன்னைக்கே எல்லாருக்கும் போட்டோ காட்டினியே?"

முனியசாமியின் தலை தாழ்ந்தது.

"கூட்டாளிக முன்னாடி உனக்குக் கேவலமா இருக்குமேன்னு..."

"இப்பதாம்ப்பா இருக்கு" என்றாள் மாரிசெல்வி.