இரண்டு இடத்துக்கு ஓர் ஆள்

நாளைக்கான வேலைப் போர்டில் சுகன்யாவின் பெயர் இல்லை.

மலர்கொடி மேலிருந்து கீழாக இன்னொரு முறை பார்த்தாள். ஷூவுக்குள் அட்டை வைக்கும் இடத்தில் வழக்கம்போல மலர்கொடியின் பெயர் இருந்தது. அடுத்து, சுகன்யா கயிறு கோர்க்கும் இடத்திலும் மலர்கொடியின் பெயரே இருந்தது.

சுகன்யாவின் பெயர் எழுதிய காந்தப் பட்டை, வேலை பிரித்துக் கொடுக்கும் பாலாஜியின் கையில் இருந்தது. கட்டைவிரலால் அதை அழித்துக்கொண்டிருந்தான்.

“கலக்கிட்டீங்கக்கா! ரெண்டு எடத்துக்கு நீங்க ஒருத்தரே போதும்னு தெரியாம, இத்தன நாள் தண்டமா ஒரு ஆள வச்சிருந்திருக்கோம்.”

பெரம்பலூருக்கு வெளியே இருந்த அந்த ஷூ ஆலையில் தினமும் சாயங்காலம் போர்டு மாறும். ஒப்பந்தத்தில் வருகிறவர்கள் பெயர் அதில் இல்லையென்றால், மறுநாள் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சுகன்யாவுக்கு மசக்கை. பசை வாடை பட்டாலே வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். வேப்பந்தட்டையில் கால் ஒடிந்து கிடக்கும் கணவனுக்கு அவள் சம்பாதித்துக்கொண்டு போனால்தான் கஞ்சி.

அவள் ஓடும்போதெல்லாம் மலர்கொடி கையை எட்டிப் போட்டு, அந்த ஷூக்களுக்கும் கயிறு கோர்த்துவிடுவாள். யாரிடமும் மூச்சு விட்டதில்லை. சிறுவாச்சூர் காளியம்மனிடம் மட்டும் சொல்லியிருந்தாள், இந்தப் பெண்ணின் வேலையைக் காப்பாற்று தாயே என்று.

“சார், அந்தப் புள்ளைய எங்கயாவது ஒரு ஓரத்துல போட்டுவிடுங்க சார்.”

“லைன்ல ஓரமெல்லாம் கெடையாதுக்கா.”

பாலாஜி விரலில் ஒட்டிய மையை பேண்ட்டில் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

முகம் கழுவிக்கொண்டு சுகன்யா வந்தாள். வாந்தி எடுத்த களைப்பிலும் சிரித்தாள்.

“அக்கா, சார் உங்களப் பாராட்டுனாரா? இந்த லைன் மட்டும் எப்படி தேங்காம ஓடுதுன்னு மத்தியானம் என்னைக் கேட்டாரு. என் பங்கையும் நீங்கதான் சேத்து செய்றீங்கன்னு சொல்லிட்டேன். பெத்த அம்மாகூட இப்படி செய்யாது. உங்களுக்கு ஒரு நல்லது நடக்க வேணாமா?”

சொல்லிக்கொண்டே போர்டைப் பார்க்க எட்டினாள்.

மலர்கொடி நகர்ந்து, போர்டை முதுகால் மறைத்து நின்றாள்.

“அத நாளைக்குப் பாத்துக்கலாம். வாடி, பஸ்ஸுல சன்னலோரம் எடம் போயிடும்.”