சேணத்தின் எடை

கியா பார்ம் சவாரிப் பட்டிக்குள் இருப்பவர்கள்: உரிமையாளர் மகேன், குதிரையைப் பார்த்துக்கொள்ளும் வசுமதி, ஈப்போவிலிருந்து வந்த சுற்றுலாக்காரர், முதுகுப் புண் அண்மையில் ஆறிய பெண்குதிரை. தேயிலைச் சரிவிலிருந்து இறங்கிய மத்தியான மூட்டத்தில் முட்டைக்கோஸ் நிறுக்கும் தராசு ஈரமாக நிற்கிறது. சுற்றுலாக்காரர் சேணத்தை அணைத்தபடி தராசில் ஏறுகிறார். முள் எழுபதைத் தொடுகிறது. ஆளும் சேணமும் சேர்ந்து அறுபது கிலோவைத் தாண்டக்கூடாது என்பது குதிரையின் புண்ணைப் பார்த்த மருத்துவர் சொன்ன அளவு. பிரிஞ்சாங் மார்க்கெட்டில் பத்து வருடம் கூடையைக் கழித்தே எடை சொன்னவன் மகேன். "சேணம் பன்னெண்டு. கழிச்சா அம்பத்தெட்டு. ஏறட்டும்லா." வசுமதி குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். "கூடையக் கழிக்கிற கணக்கு இல்லண்ணே இது. சேணத்தையும் அதுதானே தூக்கணும்? மறுபடி புண்ணாயிரும்." "கோசு நிறுத்த கை இது. எனக்கே கணக்கா? நாளையிலேருந்து நீ வரவேணாம்." அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கயிற்றை வாங்கி வேலிக்கம்பத்தில் கட்டுகிறான். சேணம் ஏறுகிறது, ஆளும் ஏறுகிறார். குதிரை முன்னங்கால்களை அகட்டி வைக்கிறது. வசுமதி ஈரக்கையைச் சட்டையில் துடைத்தபடி வெளியே நடக்கிறாள். மகேன் கம்பிக் கதவை அவளுக்குப் பின்னால் சாத்திப் பூட்டுகிறான்.