சத்தமே இல்லாத வீடு

"இங்க பாருங்க! சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க! சட்டை! சட்டை!"

மாடி வீட்டம்மாள் காலையிலேயே கணவரிடம் ஆரம்பித்துவிட்டாள்.

கீழ் வீட்டு மருமகள் ஹெட்போனின் மைக்கைக் கையால் பொத்தினாள். வீட்டிலிருந்தபடியே இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் போனில் பேசும் வேலை அவளுக்கு. முகம் தெரியாதவர்களிடம் நாள் முழுக்கத் தேன் ஒழுகப் பேச வேண்டும்.

"மேடம், உங்க வீட்ல ஏதோ சண்டை போலிருக்கே? அப்புறம் பேசறேன்."

மறுமுனையில் வைத்துவிட்டார்கள். மேலதிகாரி ஏற்கெனவே எச்சரித்திருந்தார். இந்தக் கூச்சல் வேலைக்கே உலை வைத்துவிடும் போலிருந்தது. விறுவிறுவென்று மாடி ஏறினாள்.

"ஏங்க்கா, காது கேக்காத மனுஷனை இப்படியா விரட்டுவீங்க?"

"விரட்டறேனா?"

"எங்க மாமனாருக்கும்தான் காது கேக்காது. எங்க வீட்லேருந்து என்னிக்காவது ஒரு சத்தம் வந்திருக்கா? தோளைத் தொட்டா சாப்பாடு. லைட்டை அணைச்சுப் போட்டா மாத்திரை. ரொம்ப முக்கியமான சேதின்னா மட்டும் காதுகிட்ட போய்ச் சொல்லுவோம். அவருக்கும் தொந்தரவில்ல, எங்களுக்கும் தொந்தரவில்ல."

மாடி வீட்டம்மாள் கோபப்படவில்லை. கட்டிப்போன தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இவரு மில்லுல மெஷினுங்க நடுவுல நின்னே காதைத் தொலைச்சவரும்மா. பேச்சு கேக்கிறது போச்சு, உள்ள மட்டும் ஓயாம ஒரு விசில். ஸ்கேன் எடுத்தாங்க. மூளையில சத்தத்தைக் கேக்கிற இடம் கொஞ்சம் மெலிஞ்சிருக்காம். அசைக்காம வெச்ச கை மெலியுமே, அந்த மாதிரி. 'பழையபடி ஆகும்னு சொல்ல மாட்டேன். ஆனா அவர்கிட்ட பேசறதை மட்டும் நிறுத்திடாதீங்க'ன்னாரு டாக்டர். காதுல மெஷின் மாட்டினாலும் கத்தினாத்தான் புரியுது. அதான் சட்டை, காபி, காக்கான்னு எதையாவது கத்திக்கிட்டே இருக்கேன். கத்திச் சொன்னா கொஞ்சறதும் திட்டற மாதிரிதாம்மா இருக்கு."

உள்ளேயிருந்து அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

"இப்ப மாப்பிள்ளை மாதிரி இருக்கேனாடி?"

"கிழவன் மாதிரிதான் இருக்கீங்க!"

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

சண்டைக்கு வந்தவள் படிப் பக்கம் திரும்பினாள். தன் வீட்டில் இப்படி ஒரு சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்தபடியே இறங்கினாள். நினைவுக்கு வரவில்லை.

மாமனார் வழக்கம்போல ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்ன பேசுவது? பேசிப் பிழைக்கிறவளுக்கு ஒரு வார்த்தை அகப்படவில்லை. ஜன்னலைப் பார்த்தாள். அவர் எதிரே மண்டியிட்டு, காதருகே வாயைக் கொண்டுபோய், அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"மாமா! வெளிய நல்ல வெயில்!"

அவர் வெலவெலத்துப்போய் அவள் கையைப் பற்றிக்கொண்டார்.

"யாரும்மா... யாரு தவறிட்டாங்க?"